பட்டாணி முடிகிற வாரம்

…முற்றல் என்று யார் சொன்னது, தோட்டக்காரம்மா சும்மா சொல்லியிருக்கிறார், கடைசிப் பறிப்புங்க, கொஞ்சம் முத்தியிருக்கும், கோவிச்சுக்காதீங்க என்று காலையில் கூடையைக் கையில் கொடுக்கும்போதே ஒரு மன்னிப்பையும் சேர்த்துக் கொடுத்தார், ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கிறேன், எங்கே முற்றல், பல் பட்டதும் உடைகிறது, பச்சை வாசனை மூக்கு வரைக்கும் ஏறுகிறது, முதல் வாரத்துப் பட்டாணியில் வெறும் இனிப்புத் தண்ணீர்தான் இருந்தது, இதில் கொஞ்சம் மாவும் சேர்ந்து ஒரு கனம் வந்திருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது… ஆனால் கடைசி. அடுத்த சனிக்கிழமை இந்தச் சமையலறை மேசையில் இது இருக்காது. எதிரில் அப்பா ஒரு காயை வலது கைக்குள் வைத்துக்கொண்டு அதன் முனையைத் தேடிக்கொண்டிருக்கிறார், கட்டைவிரல் வழுக்குகிறது, மறுபடி தேடுகிறது, நான் பார்க்காத மாதிரி என் காயை உரிக்கிறேன், பார்த்தால் கோபம் வரும், உதவிக்குக் கை நீட்டினால் இன்னும் கோபம் வரும், அதனால் கண்ணைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு காதை மட்டும் அவர் பக்கம் வைத்திருக்கிறேன், காய் திறக்கும்போது வரும் அந்தச் சின்னச் சத்தத்துக்காக. வந்தது. நல்லது. இந்தச் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

இதற்கு முன்னால் பட்டாணி என்றால் எனக்குக் கடையின் குளிர்பெட்டியில் கல்லாகக் கிடக்கும் பைதான், வருஷம் முழுக்க ஒரே பச்சை, ஒரே அளவு, அதற்கு ருசி இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை, இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை, பாவம், அதையும்தானே தின்று வளர்ந்தோம். இந்தக் கூடை விஷயத்தில் என்னை மாட்டிவிட்டது எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் கணக்குப் பெண்தான், ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், மருந்தே அடிப்பதில்லை, வாரம் ஒரு நாள் வண்டி தெருமுனைக்கு வரும், ஆனால் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது, நிலம் அந்த வாரம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கூடையில் என்றாள், இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேதான் சேர்ந்தேன். முதல் கூடையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டிவிட்டு வந்து சீருடையைக்கூடக் கழற்றவில்லை, “காய் வாங்கினா மண்ணு இலவசமா?” என்றார், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கேரட்டைத் தூக்கிப் பிடித்து “இதுக்கு ஒரு நாற்காலி போடு” என்றார், கீரையில் புழு நெளிந்ததைக் காட்டி “ஆள் கணக்கு தப்பு, நமக்கு முன்னாடியே ஒருத்தர் பந்தியில உக்காந்துட்டாரு” என்றார். அதே மனுஷன்தான், விரல் நுனி அளவு ஸ்ட்ராபெரி வந்த வாரம் ஒன்றை வாயில் போட்டுவிட்டுப் பேச்சு மூச்சில்லாமல் நின்றார், அடுத்த வாரம் நான் கேட்கும் முன்னால் அவரே கூடையைக் கிளறி “அந்தச் சின்னப் பழம் எங்கே?” என்றார். முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு பழத்துக்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லித்தராத சேதி… காத்திருக்கிற அந்த வருஷம் எப்படி இருக்கும் என்பதும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பெரிதாக இல்லை என்று டாக்டர் சொன்னார், பேச்சு தப்பியது, கால் தப்பியது, வலது கைதான் போனது. எலக்ட்ரீஷியனுக்கு வலது கை போனால் அது சின்ன விஷயமா? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே கொண்டுவந்தோம், அவர் வீடு நகரத்தின் அந்தக் கோடியில், அம்மா போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார், ஒற்றைக் கையோடு அங்கே எப்படி விடுவது, உள்ளே நுழையும்போதே வாசலில் நின்று சொல்லிவிட்டார், “கை சரியாகிற வரைக்கும்தான், பாப்பா.” ஐம்பதைத் தொடப்போகிறேன், இன்னும் பாப்பாதான், கடையில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் என்ன ஆவது. பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைக்கப் போனேன், வைக்க விடவில்லை, இன்றுவரை கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டிதான் அவர் அலமாரி, துவைத்த சட்டையை மடித்து அதற்குள்ளேயே வைக்கிறார், “மாமா ஓட்டல்ல ரூம் எடுத்த மாதிரியே இருக்காரு” என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயே இருங்கள் என்று கேட்காமலா இருந்தேன், கேட்டேன், ஒற்றைக் காலில் நின்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது ஒரே பதில்தான், “வேலை முடிஞ்ச வீட்ல நிக்கக் கூடாது.” அது அவருடைய தொழில் விதி. ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் வயர் இழுத்தவர், விளக்கு எரிந்ததும் கருவிப் பையை மூடிவிடுவார், காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால் அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள் என்பார், வேலை இருக்கிற வரைக்கும் அந்த வீடு நமக்கு, முடிந்தபிறகு நின்றால் நாம் விருந்தாளி, அது தப்பு. மகள் வீடும் அவருக்கு அந்தக் கணக்கில்தான் வருகிறது, வேலை என்பது அவர் கை.

பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள், பிடித்துப் பிடித்து விட வேண்டும், கலர் களிமண் கொடுத்தாள், உருட்ட வேண்டும், “நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?” என்று களிமண்ணை மூலையில் தள்ளிவிட்டார், பந்து சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது, நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கை மடியில் கிடந்தது. அப்படி ஒரு சனிக்கிழமைதான் தோட்டக்காரம்மா தவறுதலாக வேறு யாருக்கோ போக வேண்டிய பட்டாணிக்காய் மூட்டையை எங்கள் கூடையில் வைத்துவிட்டார். இவ்வளவை உரித்துக்கொண்டு யார் உட்காருவது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மூட்டையை அப்பா உட்கார்ந்திருந்த மேசையில் வைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை, மறுபடி போட்டேன், திரும்பிப் பார்த்தால் அப்பாவுக்கு முன்னால் திறந்த காய்கள் கிடக்கின்றன. இடது கையில் காயைப் பிடித்துக்கொண்டு செத்துக்கிடந்த அந்த வலது கையின் கட்டைவிரல் நகத்தை மெல்ல மெல்ல நெட்டி, ஓரத்தில் ஊன்றி, இழுக்கிறார்… எனக்கு அந்த அசைவு தெரியும். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே அபூர்வம், எப்போதும் வேறு வீட்டில்தான் இருப்பார், ஆனால் இதை மட்டும் பார்த்திருக்கிறேன், வயரின் மேல்தோலை அவர் கத்தியால் சீவ மாட்டார், நகத்தை ஊன்றி ஒரே இழுப்பு, உள்ளே செம்பு பளிச்சென்று வரும். பட்டாணியும் அப்படித்தான் வந்தது. போனில் தோட்டக்காரம்மா “ஹலோ, ஹலோ” என்கிறார். ஒன்றுமில்லைங்க, அடுத்த வாரமும் இதே மாதிரி ஒரு மூட்டை வையுங்கள் என்றேன்.

அப்படித்தான் வாராவாரம் இரண்டு பங்கு வருகிறது, அப்பாவிடம் தோட்டத்தில் விளைச்சல் அதிகமாம், கொடுத்துத் தீரவில்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், “பாவம், அந்தம்மா” என்று நம்பிவிட்டார். சனிக்கிழமை எனக்கு லீவு, வீட்டுக்காரருக்கு விடியற்காலை வண்டி, வீட்டில் நானும் அப்பாவும் இந்த மேசையும்தான். பேசுவது கொஞ்சம்தான், இது பிஞ்சு, இதில் ஒன்பது பட்டாணி இருக்கு பார், இந்தக் காய்க்குள் ஒன்றுமே இல்லை, பொய்க்காய்… இப்படி. வெயில் மேசையில் பாதி வரைக்கும் வரும்போது காபி, முழுசும் வரும்போது பட்டாணியைக் கொதிநீரில் போட்டு உடனே எடுத்து, ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான், வேறு எதுவும் தொடக் கூடாது, தொட்டால் அதன் ருசி போய்விடும், பச்சை நிறம் அப்போது இன்னும் ஒரு படி ஏறும், பார்க்கவே மனசு குளிரும். ஒரே ஒரு குறைதான், இவ்வளவு காய் உரித்தும் கிண்ணம் நிறைவதில்லை. “தோல் மலை மாதிரி இருக்கு, பட்டாணி பிடி அளவு இருக்கு, உங்க தோட்டக்காரம்மா காத்தை அடைச்சு விக்கிறாங்களா?” என்று வீட்டுக்காரர் மதியம் வந்து கேலி செய்வார். மருந்தடிக்காத காய் அப்படித்தான் இருக்கும் என்று நான் பெரிய விவசாயி மாதிரி பதில் சொல்வேன், அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

போன வாரம் வண்டியிலிருந்தே தோட்டக்காரம்மா சொல்லிவிட்டார், அடுத்த வாரத்தோடு பட்டாணி முடிகிறது. மேலே வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் “அப்ப சரி, பட்டாணி முடியட்டும், நானும் கிளம்பறேன். அந்தப் பொண்ணு திங்கக்கிழமை வந்து பாக்கட்டும்” என்றார். திங்கட்கிழமை பிசியோ பெண் வந்து பார்ப்பாள், சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும், பூட்டில் சாவியை விட்டுத் திருப்ப வேண்டும், இரண்டும் வந்துவிட்டால் தனியாக இருக்கலாம். பொத்தான் இன்னும் வரவில்லை, இன்று காலைகூட நான்தான் போட்டுவிட்டேன், தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார், வந்துவிட வேண்டும், கை வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டுவிட்டேன், அதே சமயம் உள்ளே ஒன்று, இந்தத் திங்கட்கிழமை வேண்டாம், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றது… என்ன மகள் நான்? பெற்றவர் கை குணமாகிறதை எண்ணி ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் வயிற்றெரிச்சல் மாதிரி ஒன்று. கை வராவிட்டால் இருப்பார், வந்துவிட்டால் போய்விடுவார், இதில் எதைக் கேட்டு யாரைக் கும்பிடுவது? இதோ குவியல் பாதி இறங்கிவிட்டது, அவர் இன்னும் நாலாவது காயிலேயே நிற்கிறார், போன வாரத்தைவிட மெதுவாகத்தான் இருக்கிறது, பின்னால் போகிறதோ, டாக்டரிடம் சொல்ல வேண்டுமோ…

ஐயோ, காலிக் கூடை. போன வாரக் கூடையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, வண்டி இன்னும் தெருமுனையில் நிற்குமா, “அப்பா, கூடையைக் கொடுத்துட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஓடினேன். லிஃப்ட் கீழே வந்து கதவு திறக்கும்போதுதான் ஞாபகம், தோல் பை. உரித்த தோலை எல்லாம் பையில் கட்டி வைத்தால் அவர்கள் மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், போன வாரத்தது வாசல் ஆணியில் தொங்குகிறது, திரும்ப மேலே. ரப்பர் செருப்பு, சத்தமில்லை. பையை ஆணியிலிருந்து எடுக்கிறேன், உள்ளேயிருந்து ஒரு சத்தம், பட், பட், பட் என்று, என்ன இது, குழாய் சொட்டுகிறதா? நடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் பறக்கிறது. ஒரு காய், நகம், இழுப்பு, பட். ஒரு காய், நகம், இழுப்பு, பட். வலது கைதான். பழைய கை. உள்ளங்கையில் விழுந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போடவில்லை, அப்படியே வாய்க்குக் கொண்டுபோகிறார், பச்சையாக, மென்றுகொண்டே அடுத்த காய், தலை லேசாக ஆடுகிறது, ஏதோ ஒரு மெட்டை முனகுகிறார். அப்பா முனகி நான் கேட்டதே இல்லை.

எப்படி வெளியே வந்தேன், கதவை எப்படிச் சத்தமில்லாமல் சாத்தினேன், தெரியாது. லிஃப்ட் கண்ணாடியில் ஒருத்தி நிற்கிறாள், சிரிக்கிறாளா அழுகிறாளா அவளுக்கே தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கை வந்துவிட்டது, கடவுளே, கை வந்துவிட்டது, எப்போது வந்தது? கிண்ணம் நிறையாமல் போனது எத்தனை வாரமாக? தோல் மலை மாதிரி, பட்டாணி பிடி அளவு… காற்றை அடைத்து விற்கிறார் என்று அந்தத் தோட்டக்காரம்மாவைப் பழித்தோமே. நான் காபி போட எழுந்திருக்கும்போது, போன் பேச பால்கனிக்குப் போகும்போது, அப்போதெல்லாம் பட், பட் என்று ஓடியிருக்கிறது, நான் வந்து உட்கார்ந்ததும் நாலாவது காயில் வந்து நின்றிருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி தேய்க்கிறவள் நான், மயிரிழை பிசகினாலும் எனக்குத் தெரியும், எதிரில் உட்கார்ந்து இதைக் கவனிக்கவில்லை. அப்படியானால் பொத்தான்? அதுவும் வருமா? காலையில் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றாரே, அது? வேலை முடிந்த வீட்டில் நிற்கக் கூடாது… அதனால் வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, இங்கேயே இருந்துவிடட்டுமா பாப்பா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவர் தலை இறங்கிவிடுமாம், முடங்கிய கையோடு உட்கார்ந்தால் இறங்காதாம். கோபம் வர வேண்டும் எனக்கு. வரவில்லை. திருட்டுத்தனமாக வாய் நிறையப் பட்டாணியைப் போட்டுக்கொண்டு முனகுகிற ஒரு கிழவரை நினைத்தால் எப்படிக் கோபம் வரும்?

வண்டி கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தது, தோட்டக்காரம்மா கூடையையும் பையையும் வாங்கிக்கொண்டு, வாராவாரம் கேட்பதைக் கேட்டார், “ஐயா கை எப்படி இருக்குங்க?” அந்தம்மாவின் கைகளைத்தான் பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் மண், நகத்தில் பச்சைக் கறை, இந்தக் கைகள் ஒரு நாள் மூட்டையை மாற்றி வைத்ததால்தானே எல்லாம், கும்பிட்டுவிடலாம்போல் இருந்தது, கும்பிட்டால் பயந்துவிடுவார். “இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போல இருக்குங்க” என்றேன். நாக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்கிறது. “பட்டாணி இன்னும் ஒரு வாரம் கிடைக்காதா?” என்று கேட்டேன். “கொடியே காய்ஞ்சு போச்சுங்களே, நாளைக்குப் பிடுங்கி மாட்டுக்குப் போடப் போறோம்.” “வேற ஏதாவது… உரிக்கிற மாதிரி?” அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “எல்லாரும் உரிக்கிற வேலை இல்லாம கொடுன்னு கேக்கறாங்க, நீங்க ஒருத்தர்தாங்க இப்படி. மொச்சை இருக்கு, யாரும் தொட மாட்டேங்கறாங்க. காயை உரிக்கணும், அப்புறம் ஒவ்வொரு கொட்டையா தோலைப் பிதுக்கணும், ரெண்டு வேலை. பச்சையா மட்டும் தின்னுடாதீங்க, வயித்துக்கு ஆகாது, வேகவச்சுதான் சாப்பிடணும்.” பச்சையாகத் தின்னக் கூடாதாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. எத்தனை வாரம் வரும் என்றேன். மழை பிடிக்கிற வரைக்கும் என்றார். மொச்சைக்காய் கனமாக, சொரசொரவென்று, கொஞ்சம் எண்ணெய் பிசுபிசுப்போடு இருந்தது, முகர்ந்தால் பட்டாணியின் இளசு வாசனை இல்லை, முதிர்ந்த, ஒரு மாதிரி அழுத்தமான வாசனை, பிடித்துப்போகும் என்று தோன்றியது, “ரெண்டு பங்கு” என்றேன்.

கதவைப் படாரென்று திறந்தேன், சாவியைக் கீழே போட்டேன், எடுத்தேன், இருமினேன், செருப்பைச் சுவரில் மோதிக் கழற்றினேன், இன்னும் என்ன செய்வது, மேளம்தான் அடிக்கவில்லை. சமையலறைக்குள் போனபோது அப்பா ஒரு காயை வலது கைக்குள் வைத்துக்கொண்டு முனையைத் தேடிக்கொண்டிருந்தார், கட்டைவிரல் வழுக்கியது, கன்னம் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் உப்பலாக இருந்தது. கிண்ணம் நான் விட்ட அளவில்தான். தோல் மலை வளர்ந்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. மொச்சையை அவர் முன்னால் கொட்டினேன், “கொடுத்துத் தீரலையாம்பா. இதை உரிச்சு, அப்புறம் தோலும் பிதுக்கணுமாம், ரொம்ப நாள் பிடிக்கிற வேலை.” அவர் வாயில் இருந்ததை விழுங்கினார் என்று நினைக்கிறேன், ஒரு மொச்சைக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாயருகே கொண்டுபோய் முகர்ந்தார், “பச்சையா திங்கக் கூடாதாம்” என்றேன், சட்டென்று கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் பட்டாணியைப் பார்த்தேன். “எத்தனை நாளைக்கு வரும் இது?” என்றார். “மழை வர்ற வரைக்கும்.” “ம்…” என்று ஜன்னல் பக்கம் திரும்பினார், வெளியே ஒரு துளி மேகம் இல்லை. “அப்ப அந்தப் பொண்ணை திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடு, பாவம், அலையறா. இது எப்படின்னு பாத்துட்டு சொல்லலாம்.” சரிப்பா என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

வெயில் மேசையில் பாதியைத் தாண்டிவிட்டது, காபி போட எழுந்திருக்க வேண்டும், எழுந்து போனால் இங்கே பட் பட் என்று ஓடும், ஓடட்டும், கொஞ்சம் மெதுவாகவே காபி போடலாம். பிசியோ பெண்ணிடம் என்ன சொல்வது, வீட்டுக்காரரிடம் சொல்வதா, அவர் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவார், வேண்டாம். மழை வந்தபிறகு என்ன? கொட்டை வைத்த காய் அப்போதும் ஏதாவது இருக்குமா? இல்லை, ஒரு நாள் இந்த மேசையில் ஒரு காயும் இல்லாமல் உட்கார்ந்து அவரிடம் நான்தான் கேட்க வேண்டியிருக்குமா, வேலை இல்லாமலும் இருங்கள் என்று? எழுந்தேன். அப்பாவின் சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தது. காலையில் நானே கழுத்து வரைக்கும் போட்டுவிட்ட சட்டை, இறுக்கியிருக்கும், கழற்றிவிட்டிருக்கிறார்… எந்தக் கையால்? அதை அவரும் அப்போதுதான் கவனித்தார். இரண்டு பேரும் அந்தப் பொத்தானையே பார்த்தோம். பிறகு அவர் தாடையைத் தூக்கினார், நான் குனிந்து, அவசரமில்லாமல், போட்டுவிட்டேன்.